உப்பு இருக்கும்வரை எதுவும் காயாது

"வெயில்ல போடுங்க, காஞ்சிடும்." ஸ்கூபா டைவிங் தொழிலில் இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துப் பேசுபவர் அரிது. புதுச்சேரி, சென்னையை அடுத்த கோவளம், திருகோணமலைப் பக்கம் நிலாவெளி என்று நம் கிழக்குக் கரையில் டைவிங் நடக்கும் ஊர்களில் உச்சிவெயில் நேரத்தில் நடந்து பாருங்கள். கொடியில் கறுப்பு வெட்சூட்டுகள் வரிசையாகத் தொங்கும். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர்கள் மாடியின் கைப்பிடிச் சுவரில் சுருண்டு கிடக்கும். மிதவைச் சட்டையான பிசிடி, சுடு மணலில் மல்லாந்து கிடக்கும். பார்ப்பவர் இதைப் பராமரிப்பு என்று நினைக்கிறார். செய்பவரும் அப்படித்தான் நினைக்கிறார். உண்மையில் கருவிகள் காய்வதும் இல்லை, காக்கப்படுவதும் இல்லை. ஆயுள் குறைகிறது, ஆபத்து கூடுகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு முதலில் வைக்கிறேன். காலையில் ஒரு குழு கடலுக்குப் போய்த் திரும்பும். சிறிது நேரத்தில் அடுத்த குழு கிளம்பும். மறுநாள் விடியற்காலை மூன்றாவது குழு நிற்கும். இருப்பதோ ஒரே தொகுதி வெட்சூட். நம் கடற்கரையில் ஈரப்பதம் அதிகம்; நிழலில் போட்டால் மறுநாளும் சொதசொதவென்று இருக்கும். வெயில் இலவசம், வேகமானது. கிருமியைக் கொல்லும், வாடையை எடுக்கும். உப்பைக் கழுவ வேண்டிய அவசியமும் இல்லை, நாளைக்கு மறுபடியும் உப்புத் தண்ணீரில்தானே இறங்கப்போகிறது? 'நன்னீரில் அலசு, நிழலில் உலர்த்து' என்று கையேடுகளில் இருப்பது குளிர்நாட்டுக்காரருக்கு எழுதியது. வெட்சூட் எப்படியும் தேய்ந்துபோகும் பொருள்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, குடிக்கவே தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் கடலோர ஊரில் ரப்பரைக் கழுவ நல்ல தண்ணீரைக் கொட்டச் சொல்வது என்ன நியாயம்?

இந்த வாதத்தைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க மாட்டேன். இதில் தொழில் நெருக்கடி இருக்கிறது, பற்றாக்குறை இருக்கிறது, தலைமுறைகளின் அனுபவமும் இருக்கிறது. பருத்தி வேட்டிக்கும், நைலான் வருவதற்கு முன் நாம் பயன்படுத்திய பருத்தி வலைக்கும் வெயில்தான் சரியான மருந்து. ஈரத்தில் பருத்தி மக்கும். வெயிலில் நன்றாகக் காயும். கோளாறு எங்கே என்றால், பருத்தியிடம் கற்ற பாடத்தை ரப்பர் நுரை, சிலிக்கோன், பித்தளை, பூச்சிட்ட நைலான் எல்லாவற்றுக்கும் அப்படியே போட்டுவிட்டோம். வாதத்தை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்துப் பார்ப்போம்.

1. வெப்பத்தைத் தடுக்கவென்றே செய்த பொருளுக்குள் வெயில் எப்படிப் புகும்?

வெட்சூட் எதற்காகப் பிறந்தது என்பதை மறந்தவர்தான் அதை வெயிலில் காயப்போடுவார். நியோப்ரீன் என்கிற செயற்கை ரப்பரை டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் 1930இல் உருவாக்கினார்கள். அது நுரை வடிவில் மனித உடம்புக்கு வந்தது 1950களின் தொடக்கத்தில். கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர், நீருக்குள் இருப்பவர் நனையாமல் இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று கண்டுகொண்டார். உடையின் பொருளுக்குள் வாயுக் குமிழ்கள் சிறைப்பட்டிருந்தால் போதும். உடம்பின் சூட்டை அவை வெளியே விடாது. இன்றைய வெட்சூட் அந்தக் கொள்கையில்தான் நிற்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத லட்சக்கணக்கான குமிழ்கள், அவற்றின் இருபுறமும் ஒட்டிய மெல்லிய நைலான் துணி.

குமிழ்கள் மூடியவை என்பதால் நல்ல நிலையில் உள்ள நுரை தண்ணீரைக் குடிக்காது. தண்ணீர் தங்குவது இரண்டு பக்கத் துணியிலும் தையல் ஓரங்களிலும்தான். அப்படியானால் நாம் காயவைக்க வேண்டியவை இரண்டு தனித்தனிப் பரப்புகள். இரண்டுக்கும் நடுவே வெப்பத்தையும் நீராவியையும் தடுக்கும் சுவர் ஒன்று நிற்கிறது. உச்சிவெயில் வெளிப்புறத் துணியைச் சீக்கிரமே முறுகக் காயவைத்துவிடும். உள்புறம், அதாவது அடுத்த மனிதரின் தோலைத் தொடப்போகும் புறம், இருட்டில் காற்றோட்டமின்றி ஈரமாகவே இருக்கும். வெளியே தொட்டுப் பார்த்து "காஞ்சாச்சு" என்று மடித்து வைப்பவர் ஈரத்தைத்தான் மடித்து வைக்கிறார். சந்தேகம் இருப்பவர்கள் அக்குள் பகுதியையும் கவட்டையையும் உள்பக்கமாகத் திருப்பித் தொட்டுப் பாருங்கள்.

முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட வேண்டும், அது காய்ந்தபின் மறுபக்கம். திருப்புவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. வெயிலை நம்புவதால்தான் இந்தச் சிறு வேலை நடக்காமல் போகிறது.

2. உப்பு ஏறிய துணியை எந்த வெயிலும் நிரந்தரமாகக் காயவைக்க முடியாது.

இந்த விவாதத்தின் மையமே இதுதான். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி தானாக நீர் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தன்னையே கரைத்துக்கொள்ளும். கடல்நீரில் இருப்பது சாதாரண உப்பு மட்டுமன்று. மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். நம் கடற்கரையில் இரவானால் ஈரப்பதம் 75ஐத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி.

சாயங்காலம் மொறமொறப்பாக இருந்த சூட் விடியற்காலையில் பிசுபிசுப்பது ஏன் என்று இப்போது புரியும். பனி பெய்தது என்பார்கள், சரியாகக் காயவில்லை என்பார்கள், நேற்று வெயில் போதவில்லை என்பார்கள். அது காய்ந்தது உண்மை. இரவில் மறுபடி குடித்ததும் உண்மை. ஒரு சூட்டில் அரை லிட்டர் கடல்நீர் தங்கியிருந்து அப்படியே ஆவியானால், லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் 17 கிராமுக்குச் சற்று மேல் உப்பு துணியிலேயே படிகிறது. அந்த உப்பு இருக்கும்வரை சூட் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் தொங்கவிட்டாலும் விடை மாறாது.

ஆகவே உலர்த்துவதன் முதல் படி கழுவுவது. "கழுவ நேரமில்லை, காயவைத்தாலே போதும்" என்று பிரித்துப் பேசவே முடியாது. அலசாமல் காயவைத்தது காய்ந்ததாகக் கணக்கில் வராது.

3. "நாளைக்கு மறுபடி நனையத்தானே போகுது" என்பவர் இன்ஃப்ளேட்டரைத் திறந்து பார்த்ததில்லை.

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். துணியில் படிந்த உப்பு அடுத்த டைவில் கரைந்துபோகும், நாளுக்கு நாள் மலையாகக் குவியாது. ஆனால் டைவர் கடலுக்குள் கொண்டுபோவது துணியை மட்டுமா? ஸ்பிரிங், ஓ-ரிங், ஊசிமுனை வால்வு, பித்தளை இணைப்பு, ரப்பர்க் குழாய் எல்லாம் கூடவே வருகின்றன. கடல்நீர் இவற்றின் இடுக்குகளில் புகுந்து வெயிலில் ஆவியாகும்போது விட்டுச் செல்வது கூர்மையான படிகங்கள். வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவு விரைவாகப் படிகம் உருவாகும். கழுவாமல் வெயிலில் போடுவது இந்த உறுப்புகளுக்குச் செய்யும் நேரடிக் கேடு.

பிசிடியின் இன்ஃப்ளேட்டர் பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் சிலிண்டர் காற்று சட்டைக்குள் போகும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் பொத்தானைத் திருப்பித் தள்ளி வழியை அடைக்கும். உப்பும் மணலும் துருவும் சேர்ந்து அந்த ஸ்பிரிங்கின் வழியை மறித்தால் பொத்தான் அழுந்தியபடியே நின்றுவிடும். காற்று பாய்ந்துகொண்டே இருக்கும். டைவர் தன் விருப்பமின்றி மேலே தூக்கப்படுவார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. அங்கிருந்து மேலே வருவதற்குள் சட்டையில் உள்ள காற்றும் நுரையீரலில் உள்ள காற்றும் இரண்டு மடங்காக விரியும். பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டவரின் நுரையீரல் கிழியலாம். காற்றுக் குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். இன்ஃப்ளேட்டர் சிக்கிக்கொண்டால் குழாயை உடனே கழற்றுவது எப்படி என்று பயிற்சி நிறுவனங்கள் கற்றுத்தருவது கற்பனையான ஆபத்துக்காக அல்லவே.

ரெகுலேட்டரின் கதையும் இதேதான். சிலிண்டரோடு இணையும் வாயில் ஒரு சொட்டு உப்புநீர் இருக்க, அதன் மேலேயே மூடியைப் போட்டுத் திருகினால், உள்ளே இருக்கும் வடிகட்டி பச்சை பூக்கும். குழாயின் முனையை மூடும் பாதுகாப்பு உறைக்குள் உப்பு தேங்கினால் உலோகக் கவ்வி அரிக்கும். வெளியே வெயில் பட்டு ரப்பர் வெடிக்கும். அலசுவதிலும் கவனம் வேண்டும். அழுத்தம் இல்லாத ரெகுலேட்டரைத் தொட்டியில் முக்கி வைத்துக்கொண்டு வாய்ப்பகுதியில் தேங்கிய நீரை வெளியேற்ற இருக்கும் பர்ஜ் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் குழாய் வழியாக உள்ளே ஏறிவிடும். இவை எல்லாமே நிதானமாகச் செய்ய வேண்டிய வேலைகள். எல்லாவற்றையும் சுவரில் பரப்பிவிட்டுச் சாப்பிடப் போவதை இவற்றுக்கு ஈடாகச் சொல்ல முடியாது.

4. வெயில் கிருமியைக் கொல்லும். வெயில் படும் இடத்தில் மட்டும்.

கிருமியைக் கொல்வதில் மிக வலுவான புற ஊதாக் கதிர் 'சி' வகை. அது வளிமண்டலத்தைக் கடந்து தரைக்கு வருவதே இல்லை. வந்து சேரும் மற்ற இரண்டு வகைகளுக்கும் ஓரளவு ஆற்றல் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒளி நேர்கோட்டில் போவது. அது படுகிற பரப்பைத் தவிர வேறெதற்கும் பயனில்லை. வெட்சூட்டின் உட்புறம், காலுறையின் விரல் பகுதி, ரெகுலேட்டரின் வாய்க்குழி, பிசிடியின் உள்ளே இருக்கும் காற்றுப்பை: கிருமி வளர்வது இங்கெல்லாம்தான். இவற்றில் ஒன்றின்மீதும் வெயில் படுவதில்லை. சூடு மட்டும் போய்ச் சேருகிறது. ஈரமும் இளஞ்சூடும் இருட்டும் கிருமி வளர்ப்பதற்கு ஏற்ற மூன்று பொருத்தங்கள்.

வாடையைப் பற்றியும் கூச்சமின்றிப் பேசிவிடலாம். உடம்பு நீரில் அமிழ்ந்ததும் கை கால்களில் இருந்த ரத்தம் மார்புப் பக்கம் நகரும். உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று எண்ணிச் சிறுநீரகம் வேலையைக் கூட்டும். கடலுக்குள் சிறுநீர் முட்டுவது உடலியல். அது யாருடைய ஒழுக்கக்குறைவும் இல்லை. விளைவு என்னவென்றால், வாடகை வெட்சூட்டில் வியர்வை, உதிர்ந்த தோல், சிறுநீர், கடலின் நுண்ணுயிர்கள் எல்லாம் சேருகின்றன. இதைக் கழுவி எடுக்கத்தான் முடியும். வெயிலில் சுட்டால் வாடை கொஞ்ச நேரம் அடங்கும், அடுத்தவர் உடம்புச் சூட்டில் மறுபடி எழும்பும்.

நியோப்ரீன் உடைகளில் பெருகிய சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவால் தோலில் கொப்புளம் எழும்பிய நோயாளிகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. கோவிட் பரவிய 2020இல், டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு பகிர்ந்து பயன்படுத்தும் கருவிகளைக் கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைத்து, நன்னீரில் அலசி, பிறகு உலர்த்துமாறு அறிவுறுத்தியது. ஊறல், அலசல், உலர்த்தல் என்ற அந்த வரிசையில் வெயிலுக்கு இடமே தேவைப்படவில்லை. பெருந்தொற்று அடங்கியதும் அந்தப் பழக்கத்தை மூட்டை கட்டிவிட்டு மறுபடி கொடியை நம்பத் தொடங்கியது பெரிய பிழை.

5. உடம்பிலேயே காயவிடுவது உடம்பை எரித்துத் துணி காயவைப்பது.

முதல் டைவுக்கும் இரண்டாவது டைவுக்கும் நடுவே படகில் உட்கார்ந்திருக்கும்போது, "கழட்டாதீங்க, மேலயே காஞ்சிடும்" என்பது இன்னொரு வழக்கமான அறிவுரை. இங்கே கணக்கு கொடுமையானது. 100 மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 240 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 70 கிலோ எடையுள்ள மனித உடம்பின் வெப்பநிலையை ஒரு டிகிரி குறைக்க எவ்வளவு வெப்பம் வெளியேற வேண்டுமோ, அதற்குச் சமமான அளவு அது. வெயிலும் காற்றும் ஒரு பங்கைக் கொடுக்கும் என்பது சரி. மிச்சத்தை உடம்புதான் கட்டுகிறது. ஓடும் படகில் முகத்தில் அடிக்கும் காற்று அந்தக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போகும்.

28 டிகிரி கடலில் குளிர் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. அசைவற்ற காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் அதிகமான வேகத்தில் வெப்பத்தைக் கடத்தும். முதல் டைவிலேயே உடம்பு ஓரளவு குளிர்ந்துதான் மேலே வருகிறது. அதன் மேல் ஈரத்துணி ஆவியானால் கை கால்களுக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். திசுக்களில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுவது மெதுவாகும். இரண்டு டைவ்களுக்கு நடுவே ஓய்வு விடுவதே அந்த நைட்ரஜன் வெளியேறத்தான். அந்த நேரத்தில் சூட்டைக் காயவைக்க நினைப்பதே தவறு. இடுப்புவரை கழற்றிவிட்டு, துண்டால் துடைத்து, காற்றுப் புகாத மேலாடை ஒன்றைப் போட்டுக்கொள்வதுதான் சரி. ஈரமான சூட்டை மறுபடி மாட்டும்போது சில விநாடிகள் சிலிர்க்கும், ஒன்றும் ஆகாது.

6. "எப்படியும் தேய்ந்துபோகும்" என்று சொல்லும் முன் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

நியோப்ரீன் வெயிலில் இறுகுகிறது. வெப்பம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மேன்மேலும் ஒன்றோடொன்று கட்டிப்போடும். மிருதுவான நுரை விறைப்பாகும், முழங்காலிலும் தோளிலும் கீறல் விழும். மேலே ஒட்டிய துணியின் மீள்தன்மையைப் புற ஊதாக் கதிர் தின்னும். தையலை ஒட்டிய பசை விடும். நுரை தட்டையானால் குமிழ்கள் குறைந்தன என்று பொருள். அப்போது அது வெட்சூட்டின் வடிவத்தில் இருக்கும் வெறும் கறுப்புத் துணி. போடுகிறவர் நடுங்குவார், கொடுத்தவர், "உங்களுக்குக் குளிர் கொஞ்சம் அதிகம் போல" என்பார்.

வேறொன்று வாங்கினால் தீர்ந்தது என்கிறார்கள். நியோப்ரீன் செய்யப் பயன்படும் குளோரோபிரீன், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010இல் வகைப்படுத்தியது. லூசியானா மாநிலத்தில் லாப்ளேஸ் என்ற ஊரருகே நியோப்ரீன் ஆலையை ஒட்டி வாழும், பெரும்பாலும் கறுப்பின மக்களான குடும்பங்கள், தாங்கள் சுவாசிக்கும் காற்றுக்காகப் பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள். குப்பைக்குப் போன வெட்சூட் மக்காது; பழைய சூட்டைப் புதிய சூட்டாக்குவதும் எளிதில்லை. பல ஆண்டு உழைக்க வேண்டிய ஒன்றை வெயிலில் போட்டு அற்பாயுளில் முடித்துவிட்டு, மேடையேறிப் பவளப்பாறைகளைக் காப்போம் என்று பேசுவது பொருந்தாது. கடலை நேசிப்பதாகச் சொல்லும் தொழில் தன் கழிவுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

7. நிழலில் காயாது என்பவர்கள் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

எதிர்த்தரப்பின் நடைமுறை வாதங்களில் வலுவானது இது. ஈரப்பதம் மிகுந்த ஊரில் நிழலில் எப்படிக் காயும்? நீர் ஆவியாவதற்கு வெப்பம் உதவும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஈரத்துணியை ஒட்டிய மெல்லிய காற்றுப்படலம் நீராவியால் நிரம்பிவிட்டால் மேற்கொண்டு ஆவியாவது தடைப்படும். அந்தப் படலத்தை அள்ளிக்கொண்டு போவது காற்று. தோளோடு தோள் உரச நெருக்கிப் போட்ட பத்து சூட்டுகளுக்கு நடுவே வெயில் இருந்தும் காற்று இல்லை. ஒரு முழம் இடைவெளி விட்டு, அகலமான தோளுள்ள ஹேங்கரில், உட்புறம் வெளியே தெரிய நிழலில் தொங்கும் சூட்டுக்கு எல்லாப் பக்கமும் காற்று உண்டு.

காற்று விஷயத்தில் நம் கரை ஏழையும் இல்லை. திருகோணமலையில் டைவிங் நடக்கும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் மலைகளைத் தாண்டி இறங்கிவரும் தென்மேற்குக் காற்றான கச்சான், ஈரத்தை மேற்கிலேயே கொட்டிவிட்டு வறண்டு வருகிறது. வெட்சூட் உலர்த்த அதைவிட நல்ல காற்றைக் கேட்க முடியாது. புதுச்சேரியிலும் சென்னையிலும் பிற்பகலில் கடற்காற்று எழும். திசை பார்த்து நாலு பக்கமும் திறந்த ஓலைக் கொட்டகை போட்டால் போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்று நனைந்திருக்கும் என்பது உண்மை. அப்போது ஓர் அறையும் இரண்டு மின்விசிறிகளும் வேண்டும். அந்த மாதங்களில் வெயிலும் தவறாமல் வருவதில்லை என்பதால், வெயிலை நம்பியவருக்கும் அதே மின்விசிறிதான் கதி.

உலர்த்துவதற்கு முன் சூட்டைப் பிழியாமல், மேலிருந்து கீழாக உள்ளங்கையால் அழுத்தி வழித்தால் கணிசமான தண்ணீர் கணுக்கால் வழியே வடிந்துவிடும். பிசிடிக்குள் தேங்கிய கடல்நீரை வடித்து, கொஞ்சம் நன்னீர் விட்டுக் குலுக்கிக் கொட்டி, காற்றடைத்துத் தொங்கவிட வேண்டும். இவற்றுக்குத் தேவைப்படுவது கை, கொஞ்சம் இடம், கொஞ்சம் பொறுமை. வெயிலின் வேகம் என்று புகழப்படுவது பெரும்பாலும் இந்த வேலைகளைத் தவிர்ப்பதால் மிச்சமாகும் நேரம்தான்.

8. தண்ணீர்ப் பஞ்சம் உண்மை. அதைச் சாக்காக்குவது பொய்.

தண்ணீருக்காகக் குடம் வரிசைபோடும் ஊரில் நன்னீரை வீணாக்கச் சொன்னால் முதல் ஆளாக நானே எதிர்ப்பேன். ஆகவே அளந்து பார்ப்போம். ஒரு சூட் அரை லிட்டர் கடல்நீரைச் சுமந்து வந்தால், 12 சூட்டுகளில் இருப்பது 210 கிராம் உப்பு. 200 லிட்டர் டிரம் ஒன்றில் அத்தனையையும் அலசினால், தண்ணீரில் சேருவது லிட்டருக்கு 1 கிராம் உப்பு. கடல்நீரின் முப்பதில் ஒரு பங்குகூட வராது. ஆளுக்கு 17 லிட்டர், அதாவது ஒரு வாளி. அதே இடத்தில் திரும்பி வந்த வாடிக்கையாளர் குளிக்க ஷவர் திறந்துவிடப்படுகிறது. அதில் ஆளுக்கு ஒரு வாளிக்கு மேலேயே போகும். அங்கே யாரும் பஞ்சத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தத் தண்ணீர் குடிநீராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள போர் தண்ணீரை யாரும் குடிக்க முடியாது. வேறு வழியில்லாத இடத்திலும் 2 கிராமுக்கு மேல் கரைந்த உப்புகளை இந்தியக் குடிநீர்த் தரம் ஏற்பதில்லை. ஆனால் கடல்நீரோடு ஒப்பிட்டால் அந்தப் போர் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு உப்புகூட இல்லை. அதில் முதல் அலசல், பிறகு சிறு தொட்டியில் நல்ல தண்ணீரில் ஒரு முக்கு. யாருடைய குடத்தையும் தொடாமல் வேலை முடியும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வாயில் வைக்கும் ரெகுலேட்டருக்கும் முகத்தில் மாட்டும் கண்ணாடிக்கும் தனித் தொட்டி. வெட்சூட்டுகளையும் காலுறைகளையும் அலசிய தண்ணீரில் அவற்றை முக்குவது, கழுவாமல் விடுவதைவிட மோசம்.

எட்டு மறுப்புகளுக்கும் பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வெயில் வாதம் இவ்வளவு பலவீனமாக இருந்தும் ஏன் நிலைத்து நிற்கிறது? அதன் விலையைக் கொடுப்பவர் வேறு ஒருவர் என்பதால்தான். முதன்முறை கடலுக்குள் போகும் பயணிக்குச் சொறி வந்தால் அவர் ஊர் திரும்பிய பின்தான் வரும். வெட்சூட்டின்மேல் அவருக்குச் சந்தேகமே எழாது. தினமும் கடலில் இறங்கும் உள்ளூர்ப் பையன்களுக்கு, பெரும்பாலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, கிடைப்பது பயணிகளுக்குக் கொடுக்க லாயக்கில்லாமல் கழித்த சூட்டுகள். அவர்கள் கால்விரல் இடுக்கில் புண்ணோடு, இறுகிப்போன நியோப்ரீனில் நடுங்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். இது அந்தத் தொழிலில் இருக்கிற அசௌகரியம் என்று அவர்களுக்கே சொல்லித்தரப்பட்டிருக்கிறது. ஒரு கொட்டகையும் இரண்டு டிரம்மும் போட்டுத் தடுக்கக்கூடியதை அசௌகரியம் என்று பெயர் சூட்டி ஒதுக்கக் கூடாது. அது முதலாளியின் கடமைத் தவறு.

பயிற்சி தருபவர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. கருவியை மாட்டுவதைச் சொல்லித்தரும் அக்கறையோடு அலசி உலர்த்துவதையும் சொல்லித்தாருங்கள். முதல் நாள் மாணவர் தன் கையால் இன்ஃப்ளேட்டர் பொத்தானைத் தண்ணீருக்குள் பல முறை அழுத்தி விடட்டும். பாடம் கரைக்கு வந்தவுடன் முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் அங்கேயே உடைய வேண்டும்.

கடலுக்குள் போக விரும்பும் வாசகர்களுக்குச் சொல்வது இதுதான். அடுத்த முறை வாடகை வெட்சூட் கைக்கு வந்தால், அளவு பார்ப்பதற்கு முன் உள்பக்கம் திருப்பி அக்குளைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் வேறொன்று கேளுங்கள். இன்ஃப்ளேட்டர் பொத்தானை அழுத்தி விடுங்கள். அது தயக்கமின்றித் திரும்ப வருகிறதா பாருங்கள். ரெகுலேட்டரை எதில் அலசுகிறீர்கள், எங்கே உலர்த்துகிறீர்கள் என்று கேளுங்கள். "வெயில்ல போட்டோம், எல்லாம் சுத்தம்" என்ற பதில் வந்தால், அந்த இடத்தில் உங்கள் பணத்தையும் உங்கள் மூச்சையும் ஒப்படைக்காதீர்கள்.